முப்பதாம் திகதி முடியுமட்டும்

ஈஸ்ட் ஹாமில் சுசிலாவைப் பற்றிக் கதைப்பவர்கள் இரண்டு வகை. அவளை ராட்சசி என்பவர்கள் ஒரு வகை. 'அவ செய்ததிலை என்ன பிழை, ஆரெண்டாலும் அதைத்தான் செய்திருப்பினம்' என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறவர்கள் மற்ற வகை. எனக்கு இந்த இரண்டாவது கூட்டத்தில்தான் கோபம் அதிகம். தாங்கள் செய்யத் துணியாததை ஒருத்தி செய்துவிட்டாள் என்று உள்ளுக்குள் மெச்சுகிற சனம் அது. நான் சுசிலாவின் பக்கத்து வீட்டுக்காரி. பாதிக் கதையை அவளே என் குசினிக் கதிரையில் இருந்து சொன்னாள். மிச்சத்தை அவளுடைய புருசன் தேவராசா வந்தவர் போனவர் எல்லோருக்கும் சொன்னார். நானாகக் கூட்டியது குறைவு.

அவர்கள் ஜேர்மனியிலிருந்து வந்தவர்கள். அங்கே தேவராசா உணவகமொன்றில் கோப்பை கழுவினார், சுசிலா அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தாள். லண்டனுக்கு வந்து ரொம்ஃபோர்ட் றோட்டில் ஒரு சின்னக் கடை எடுத்தார்கள். கடையை நடத்தியது சுசிலாதான். தேவராசா நல்ல மனிசன், ஆனால் கடன் கேட்டு வருகிறவனைப் பார்த்தால் இளகிவிடுவார். சுசிலா இளகமாட்டாள். அதேநேரம் எனக்கு ஒப்பரேஷன் நடந்தபோது மாதக்கணக்காக எங்கள் வீட்டுக்குச் சோறு காய்ச்சிக் கொண்டுவந்தவளும் அவள்தான். இதையும் சொல்லாவிட்டால் நான் பொய்க்காரி ஆகிவிடுவேன்.

அவளுக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. மகள் துஷ்யாவுக்குச் சாமத்தியவீடு செய்யவேண்டும், அதுவும் ஆட்கள் வாயைப் பிளக்கிற மாதிரிச் செய்யவேண்டும். ஜேர்மனியிலிருந்து வந்த புதிதில் மற்றவர்களின் விழாக்களில் தன்னைக் கடைசி மேசையில், கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் இருத்திய ஒவ்வொரு வீட்டையும் அவள் மனதில் வைத்திருந்தாள். பிள்ளை பெரியவளாகி ஒரு வருசம் போய்விட்டது. சித்திரையில் மண்டபம் எடுத்திருந்தார்கள். அந்த நேரம் வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்தது, இங்கே எங்கள் ஆட்கள் சண்டையை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் றோட்டில் இருந்தார்கள். எந்த முகத்தோடு மேளம் அடிக்கிறது? விழாவைத் தள்ளினார்கள். புதுத் திகதி ஓகஸ்ட் முப்பது, ஞாயிற்றுக்கிழமை. இனியொருமுறை தள்ளினால் பிள்ளை கலியாணத்துக்கே வளர்ந்துவிடுவாள் என்று சுசிலா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

தேவராசாவுக்கு ஒரே தம்பி, யுவனேஸ்வரன். கடைசிவரை வன்னிக்குள் நின்றவன். மே மாதம் முழுவதும் தேவராசா சாப்பிடவில்லை என்றே சொல்லலாம். ஆனி மாதம்தான் தம்பியும் மனைவி கமலாம்பிகையும் செட்டிகுளம் முகாமில் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஆட்கள் மூலம் தகவல் வந்தது. அன்றைக்கு அவர் கடைக்கு வந்த வெள்ளைக்காரக் கிழவிக்கெல்லாம் சொக்லேட் கொடுத்தார். உயிரோடு இருக்கிறான் என்றதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு தரம் அவனுடைய குரலைக் கேட்டால் போதும் என்று கிடந்தார்.

ஓகஸ்ட் தொடக்கத்தில் ஒரு மத்தியானம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. தேவராசா கடையில். எடுத்தது சுசிலா. கமலாம்பிகை முகாமுக்குள் யாரோ ஒளித்துவைத்திருந்த கைத்தொலைபேசியில் எடுத்திருந்தாள். யுவனேஸ்வரனுக்கு வயிற்றில் செல் குண்டு பட்ட காயம் புழுத்துவிட்டது, ஆசுபத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு ஏலாதென்று கூடாரத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள், அண்ணையோடு ஒருக்காக் கதைக்கவேணும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு கிடக்கிறார் என்று சொன்னாள். எந்த நேரம் எந்த இலக்கத்துக்கு எடுக்கவேண்டும் என்பதையும் சொன்னாள்.

எங்கள் பகுதியில் ஒரு கணக்கு இருக்கிறது. கூடப்பிறந்தவன் செத்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. துடக்கு வீட்டில் பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்க முடியாது, மணவறை போட முடியாது, கோயில் வாசலை மிதிக்க முடியாது. ஆனால் தூரதேசத்தில் இருக்கிறவனுக்கு ஒரு சலுகை உண்டு. செய்தி காதில் விழுந்த நாளிலிருந்துதான் அவனுக்குத் துடக்கு. விழாதவரை அவன் சுத்தமானவன், மேளமும் அடிக்கலாம், பலகாரமும் சுடலாம். சுசிலா தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டாள்.

"அத்தானிட்டை நான் சொல்லுறன், கமலாம்பிகை. ஆனா ஒண்டு கேக்கிறன், கோவிக்காதையும். முப்பதாம் திகதி பிள்ளைக்குச் செய்யிறம். அதுக்கிடையிலை ஏதும் நடந்துதெண்டா, முப்பது முடியுமட்டும் எங்களுக்கு அறிவிக்கவேண்டாம்."

மற்றப் பக்கத்திலிருந்து "சரி அக்கா" என்று ஒரு சொல் மட்டும். சுசிலா இலக்கத்தை எழுதிக்கொள்ளவில்லை. தேவராசா கடையால் வந்தபோது அவருக்குச் சோறு போட்டாள், கத்தரிக்காய்க்கு உப்புக் காணாது என்று அவர் சொன்னதற்கு உப்பு எடுத்துக் கொடுத்தாள். புருசன் தம்பியோடு கதைத்தால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். யுவனேஸ்வரன் முப்பதுவரை தாங்குவான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். 'முடிஞ்ச உடனை நானே ரிக்கெற் போட்டு அனுப்பியிருப்பன்' என்று என்னிடம் சத்தியம் பண்ணினாள். அனுப்பியிருப்பாள்தான். அவள் அப்படிப்பட்டவள்.

பிள்ளைக்கு நகை வாங்க டுபாய்க்குப் போகிற யோசனை முதலே இருந்தது. அந்த அழைப்புக்குப் பிறகு அது அவசரமாகிவிட்டது. வீட்டில் இருந்தால் எந்த நேரம் எது அடிக்கும் என்று தெரியாது. நோன்பு தொடங்கினால் பகலில் அங்கே ஒன்றும் பார்க்க முடியாது, அதற்கு முதல் போய்வருவோம் என்று புருசனுக்குக் காரணம் சொன்னாள். துஷ்யாவைத் தோர்ண்டன் ஹீத்தில் தன் தமக்கை வீட்டில் விட்டாள். வெளிநாட்டில் சும்மா அடித்தாலே காசு வெட்டுவார்கள் என்று சொல்லி தேவராசாவின் கைத்தொலைபேசியையும் அங்கேயே வைக்கச்செய்தாள். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் இரண்டுபேரும் தனியாக ஊர் பார்க்கப் போனது அதுதான் முதல்தரம். தேவராசா புதுச் சப்பாத்து வாங்கினார்.

போய் இறங்கிய அன்று களைப்பில் படுத்துவிட்டார்கள். அடுத்த நாள் காலையிலேயே வெயில் கொளுத்தியது. ஊருக்கு நடுவால் போகிற கடற்கழியில், சில்லறைக் காசுக்கு ஆட்களை ஏற்றுகிற மரவள்ளத்தில் இருவரும் அக்கரைக்குப் போனார்கள். வள்ளம் ஓட்டினவன் வங்காளி. தேவராசா விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இப்படியொரு வள்ளத்தில் தம்பியை வைத்துக்கொண்டு சண்டை நேரத்தில் கிளாலிக் கடலைக் கடந்த கதையைச் சொல்லத் தொடங்கினார். சுசிலா வெயில் கண்ணுக்குள் குத்துகிறது என்று சொல்லிக் கதையை நிறுத்தினாள். தூரத்தில் உலகத்திலேயே உயரமான, இன்னும் திறக்காத அந்தக் கட்டடம் தெரிந்தது. தேவராசா கழுத்தை நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்தார்.

அக்கரையில் நகைக்கடைத் தெரு. இரண்டு பக்கமும் மஞ்சள் வெளிச்சம், கண்ணாடிக்குள் அங்கி மாதிரிப் பின்னிய தங்கம். சுசிலா ஒரு கடைக்குள் நுழைந்தால் இலகுவில் வெளியே வரமாட்டாள், ஈஸ்ட் ஹாம் கடைக்காரர்களுக்கே அது தெரியும். தேவராசா கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். அங்கே காற்று எங்கே இருக்கிறது? அவருக்கு வேறு வேலை இருந்தது. ஆர்ச்வே முருகன் கோயிலில் சுந்தரராஜன் என்ற மலேசியாக்காரர் ஒருவர் தொண்டு செய்கிறவர். முகாமுக்குள் ஆட்களைத் தேடுகிறவர்களுக்கு அவர்தான் அங்கே இங்கே கேட்டு உதவிக்கொண்டிருந்தார். அவர் தேவராசாவுக்கு ஒரு இலக்கம் கொடுத்திருந்தார். யுவனேஸ்வரனின் கூடார வரிசையில் ஒளித்துவைத்திருக்கிற தொலைபேசி அது. லண்டனில் கடையிலிருந்து ஒரு கிழமையாக அடித்தும் வேலை செய்யவில்லை. வீண் ஆசையாகப் போய்விடக்கூடாதென்று சுசிலாவுக்குச் சொல்லாமல் வைத்திருந்தார். நகைத் தெருவின் முனையில் தொழிலாளர்கள் ஊருக்குக் கதைக்கிற கடையொன்றைக் கண்டதும் உள்ளே போய் அடித்தார். அன்றைக்கு மணி போனது. யாரோ ஒரு பொடியன் எடுத்து, ஓடிப்போய்க் கமலாம்பிகையிடம் கொடுத்தான்.

"கமலாம்பிகை, நான் அத்தான் கதைக்கிறன். லண்டன் அத்தான்."

"ஓம் அத்தான்," என்றாளாம்.

"தம்பி எங்கை? அவனிட்டைக் குடும், ஒருக்காக் கதைப்பம்."

"அவர் நித்திரை, அத்தான்."

"எழுப்புமன்."

"வேண்டாம் அத்தான். கன நாளைக்குப் பிறகு நித்திரை கொள்ளுறார்." பிறகு கேட்காமலே சொன்னாளாம்: "அவர் சுகம். நீங்கள் பிள்ளைக்கு வடிவாச் செய்யுங்கோ. எங்கடை ஆசீர்வாதம் எப்பவும் இருக்கும்."

அதோடு தொடர்பு அறுந்தது. தேவராசா அந்தக் கடைக்காரனுக்கு மிச்சக் காசை வேண்டாம் என்று விட்டுவிட்டு ஓடிவந்தார். உள்ளே நகைக்கடைப் பொடியன் சுசிலாவின் கழுத்தில் ஒரு அட்டியலைக் கட்டிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணாடிக்குள் தன் முகத்துக்குப் பின்னால் புருசனின் முகம் வருவதைச் சுசிலா கண்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பல் தெரியச் சிரித்துக்கொண்டு வந்த முகம்.

"சுசிலா, தம்பி சுகமாம். கமலாம்பிகையோடை கதைச்சிட்டு வாறன். அவன் நித்திரையாம், எழுப்பவேண்டாம் எண்டிட்டாள். நல்லா நித்திரை கொள்ளுறானாம்."

சுசிலாவுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அண்ணையின் ஒரு சொல்லுக்காகக் கெஞ்சினவள், அண்ணை தொலைபேசியில் நிற்கும்போது புருசனை நித்திரையென்று விடுவாளா? உயிர் இருந்தால் காதில் கொண்டுபோய் வைத்திருப்பாள். அறிவிக்கவேண்டாம் என்று சுசிலா கேட்டது சாவு ஒன்றைத்தான். கமலாம்பிகை சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். 'அட்டியல் கழுத்தை நெரிச்ச மாதிரி இருந்தது' என்று சுசிலா என்னிடம் சொன்னாள். கேட்க எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கடுத்ததாக அவள் செய்தது என்ன? ஊகித்ததற்குத் துடக்கில்லை, காதால் கேட்டால்தான் துடக்கு என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதினாள். கடைக்காரப் பொடியனைப் பார்த்து அந்த அட்டியலையே பெட்டியில் வைத்துக் கட்டித்தரச் சொன்னாள். புருசனைப் பார்த்து, "நான் அப்பவே சொன்னனான்தானே, நீங்கள்தான் சும்மா யோசிச்சுக்கொண்டு திரிஞ்சனீங்கள்" என்றாள்.

அதன்பிறகு தேவராசாவைப் பிடிக்க முடியவில்லை. மத்தியானம் ஒரு மலையாளக் கடையில் ஆட்டிறைச்சிப் பிரியாணி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். பெரிய கடைத்தொகுதிக்குள் சுவர் முழுக்கக் கண்ணாடியாக இருக்கும் மீன்தொட்டிக்கு முன்னால் சுறாவைப் பார்த்துக் கைகாட்டினார். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத குடும்பத்துக்குத் தன் தம்பி முகாமில் சுகமாக இருக்கிறான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர்கள் எந்த முகாம் என்று கேட்க, கோடை விடுமுறை முகாம் என்று நினைத்துவிட்டார்கள் போல என்று சுசிலாவிடம் சொல்லிச் சிரித்தார். சுசிலாவும் சிரித்தாள். முகாமிலிருந்து வெளியே எடுத்தவுடன் தம்பியை இங்கே ஒருதரம் கூப்பிடவேண்டும், அவனுக்கு இந்தச் சுறாவைக் காட்டவேண்டும் என்று அவர் திட்டம் போட்டார்.

பின்னேரம் பாலைவனம். பெரிய வாகனத்தில் ஏற்றி மணல் மேட்டில் ஏற்றி இறக்கிக் குலுக்கினார்கள். வாகனத்துக்குள் மற்றவர்கள் சத்தி எடுக்க, தேவராசா சின்னப்பிள்ளை மாதிரி இன்னும் வேகமாகப் போகச் சொன்னார். ஒட்டகத்தில் ஏற அவர் முதலில் தயங்கினார், இடுப்பு நோகும் என்று. சுசிலாதான் ஏற்றினாள். அவர் மேலே இருந்தால் தன்னோடு கதைக்கமாட்டார் என்று பட்டதாம். பொழுதுபட்டதும் கம்பளம் விரித்து, அடுப்பில் இறைச்சி வாட்டிக் கொடுத்தார்கள், ஒரு பெண் இடுப்பை ஆட்டி ஆடினாள். ஆட வரச்சொல்லிக் கூப்பிட்டபோது தேவராசா எழும்பிப் போனார். ஜேர்மனியில் ஒரு பியரோடு நித்திரையாகிவிடுகிற மனிசன், மணலில் கையைத் தூக்கிக்கொண்டு ஆடினார். சனம் கைதட்டியது. சுசிலா தட்டில் கிடந்த இறைச்சியைத் தொடவில்லை, வயிறு சரியில்லை என்றாள். அதுமட்டும்தான் செத்தவனுக்கு அவள் செய்த மரியாதை.

விழா நடந்தது. நானும்தான் போனேன், ஆலாத்தித் தட்டும் பிடித்தேன். துஷ்யா பல்லக்கில் வந்தாள், டுபாய் அட்டியல் மின்னியது. கழிப்பறைப் பக்கத்து மேசையில் யார் யார் இருக்கவேண்டும் என்று சுசிலா முதலே தீர்மானித்திருந்தாள், அவர்களும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். கடைசியில் தேவராசா ஒலிவாங்கியைப் பிடித்து நன்றி சொன்னார். தன் தம்பி முட்கம்பிக்குள் இருந்துகொண்டு மகளை ஆசீர்வதித்திருக்கிறான் என்று சொல்லிக் கைகூப்பினார். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. மேடையில் சுசிலா மகளின் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

அடுத்த நாள் திங்கள், வங்கி விடுமுறை. வீடு நிறைய இனசனம். நான் லட்டுப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டு நின்றேன். வரவேற்பறையில் தொலைபேசி அடித்தது. சுசிலா மேல்மாடியில் இருந்ததால் தேவராசா எடுத்தார். சத்தம் தெளிவாகக் கேட்கவேண்டும் என்று ஒலிபெருக்கிப் பொத்தானை அமத்திவிட்டார். அதனால் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"அத்தான், அக்கா சொன்ன திகதி முடிஞ்சுது. இனிச் சொல்லலாம்தானே?"

தேவராசாவுக்கு விளங்கவில்லை. எந்தத் திகதி என்று கேட்டார். கமலாம்பிகை அழவில்லை. ஒன்றையும் விடாமல், ஒன்றையும் கூட்டாமல் சொன்னாள். காயம், கடைசி ஆசை, அக்காவிடம் சொல்லிவிட்டது, அக்கா கேட்டுக்கொண்டது. நீங்கள் எடுத்த அன்று விடியத்தான் உயிர் போனது, நீங்கள் கதைக்கும்போது என் சேலையால் மூடிப் பக்கத்தில்தான் கிடந்தார், பின்னேரம் வந்து கொண்டுபோனார்கள் என்றாள். அண்ணை எடுப்பார் என்று அவர் கடைசி இரவுவரை அந்த இரவல் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு கிடந்தார் என்றும் சொன்னாள். பிறகு, பிள்ளைக்கு எல்லாம் வடிவாக நடந்ததா என்று கேட்டாள்.

சுசிலா படியில் இறங்கிவந்து நின்றாள். நாங்கள் எல்லோரும் அவளைப் பார்த்தோம். தேவராசா அடிப்பார், கத்துவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"நகைக்கடைக்குள்ளை நான் சிரிச்சுக்கொண்டு வந்து சொன்னனே. அப்ப உமக்குத் தெரியுமோ?"

"ஓம்," என்றாள் சுசிலா. பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் பொய் வரவில்லை என்று பிறகு சொன்னாள்.

அன்றிலிருந்து துடக்கு. தேவராசா மொட்டை அடித்தார். துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள், அந்த மண்டபத்தில் சாப்பிட்ட அதே ஆட்கள். ஒவ்வொருவருக்கும் தேவராசா அந்த நாளை மரவள்ளத்திலிருந்து தொடங்கிச் சொன்னார். குரலை உயர்த்தமாட்டார். நகைக்கடை, பிரியாணி, சுறா, ஒட்டகம், கையைத் தூக்கிக்கொண்டு ஆடின ஆட்டம், ஒன்றும் தவறாது. சுசிலா வெறும் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைக்கும்வரை பொறுத்திருந்துதான் தொடங்குவார். முடிவில் அவளைப் பார்த்து, "என்ன சுசிலா, சரிதானே?" என்று கேட்பார். அவள் "ஓம்" என்றால்தான் வந்தவர்களை எழும்ப விடுவார். சிலர் அழுதார்கள். சிலர் சுசிலாவின் முகத்தைப் பார்க்கவென்றே இரண்டாம்தரம் வந்தார்கள். துஷ்யா அட்டியலைக் கழற்றித் தாயின் கட்டிலில் எறிந்துவிட்டுப் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. ஒரு பின்னேரம் நான் புட்டும் சம்பலும் கொண்டுபோனேன். வரவேற்பறையில் இருவரும் எதிரெதிரே இருந்தார்கள். சுசிலா தேத்தண்ணீரை அவருக்கு முன்னால் வைத்திருந்தாள். இனியாவது மனிசன் அவளைத் திட்டித் தீர்த்துவிட்டு அலுவலைப் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டு குசினிப் பக்கம் போனேன். அப்போது அவருடைய குரல் கேட்டது. கடைக்கு வந்த புது ஆளோடு கதைப்பதுபோல மரியாதையான குரல்.

"என்ர தம்பி செத்த அண்டைக்கு நாங்கள் டுபாயிலை நிண்டனாங்கள், தங்கச்சி. நானும் என்ர மனிசியும். காலமை வள்ளத்திலை போனனாங்கள்."

சுசிலா அவரை நிறுத்தவில்லை. வந்தவர்கள் இருக்கிற கதிரையில் இருந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கடைசிவரை கேட்டாள். முடிந்ததும் அவர் வழக்கம்போலக் கேட்டார், அவள் வழக்கம்போல "ஓம்" என்றாள். அவர் தேத்தண்ணீரில் ஒரு வாய் குடித்தார். பிறகு திரும்பவும் வள்ளத்திலிருந்து தொடங்கினார்.